கந்தையா என்ற பெயருக்கு ஐந்நூறு வயது

விமானத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை. உள்ளே கடவுச்சீட்டு, பிரஷர் மாத்திரை, தம்பியின் மகளுக்கு ஒரு சோடித் தோடு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காணி உறுதிப் பத்திரம். அறுபது வருடத்துக்கு முந்திய தாள். பொலித்தீனில் சுற்றி, இரண்டு பக்கமும் கொப்பி மட்டை வைத்துக் கட்டியிருந்தேன். பக்கத்து ஆசனத்துக்காரர் இரண்டு தரம் என் பையைப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் பார்க்கத் துணிவில்லாமல் நித்திரையாகிவிட்டார்.

இது 2012 வைகாசி. என் தம்பி யோகநாதன் பாரிஸுக்குப் போய் இருபத்திரண்டு வருடம். அவனுடைய ஒரே மகள் நிவேதாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை லூக்கா. லூக்காவின் தகப்பன் அந்தே, குரோஷியாவில் ஒரு தீவிலிருந்து நாற்பது வருடத்துக்கு முன் மேசன் வேலைக்கு வந்தவர். தம்பி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, அப்பான்ரை பேர் உள்ள பழைய உறுதி ஒண்டைக் கொண்டு வாங்கோ. சம்பந்தியார் பாக்கோணுமாம்." ஏன் என்று நான் கேட்க முதல் வேறு கதைக்குத் தாவிவிட்டான்.

பாரிஸ் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி என் கடவுச்சீட்டையும் தம்பி அனுப்பிய அழைப்புக் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கள் பெயர் சிவபாலன். உங்களை அழைத்தவர் கந்தையா. தம்பி என்கிறீர்களே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சிவபாலன் என் கணவர். கந்தையா என் அப்பா" என்றேன்.

"அப்படியானால் அப்பாவைப் பார்க்க வந்தீர்களா?"

"அப்பா செத்து முப்பது வருடம்."

செத்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்தை அவர் இன்னொரு தரம் பார்த்தார். நல்ல காலம், எனக்குப் பின்னால் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலைக் கேட்கப் பொறுக்காமலோ என்னவோ, முத்திரை குத்தி விட்டார்.

தம்பியின் வீடு மார்க்ஸ் டோர்மோயில் நான்காம் மாடி. மின்தூக்கி இல்லை. கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள். ஒன்றில் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள், பெட்டியையும் பெயரையும் பார்க்காமல் என்னால் தாண்ட முடியாது. எங்கள் தீவை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போவதற்கே நாலு நாள் யோசிக்கிற மனிதர், இங்கே வீடெடுத்து இருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். மேலே போனால் தம்பி யாருடனோ பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு விளங்கிய ஒரே சொல் கந்தையா. அப்படித்தான் அவன் போனில் தன்னைச் சொல்லிக்கொள்கிறான்.

அடுத்த நாள் அவனோடு லா சப்பலுக்கு நடந்தேன். அங்கே ஒரு மரக்கறிக் கடையில்தான் அவனுக்கு வேலை. முருங்கைக்காய், பச்சை மிளகாய், வாழைப்பூ, எல்லாம் எங்கள் சந்தையில் இருப்பதைவிடத் துப்புரவாக அடுக்கியிருந்தது. விலை எழுதிய அட்டையை மட்டும் நான் பார்க்காமல் விட்டேன். கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா என்னைக் கண்டதும் கேட்டா: "நீங்கள் எவடம்? ஆற்றை மகள்?" கந்தையாவின் மகள் என்றேன். "எந்தக் கந்தையா?" என்றா. ஒழுங்கையைச் சொன்னேன். "ஓ, சங்கக்கடைக்குப் பக்கத்திலை, கிணத்தடிக் காணி" என்றா. நாங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் எங்கள் விலாசம் இப்படித்தான் விசாரிக்கப்படுகிறது.

அந்த அம்மா போனபிறகு, முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் தம்பி சொன்னான்.

"அக்கா, நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

சம்பந்தியார் அந்தேயின் குடும்பப் பெயர் குஸ்திர்னிச். உலகத்திலேயே அந்தப் பெயர் உள்ளவர்கள் பதினொரு பேர்தானாம். அவர் எண்ணி வைத்திருக்கிறார். தீவில் எட்டுப் பேர், சிலியில் ஒருவர், பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனியில் அவரும் மகனும். தீவில் இருக்கிற எட்டுப் பேரும் சிலியில் இருப்பவரும் வயது போனவர்கள். இனி அந்தப் பெயர் நிற்பதும் அழிவதும் லூக்காவோடு. முதல் சந்திப்பிலேயே இதையெல்லாம் சொல்லி, "உங்கள் குடும்பப் பெயர் எத்தனை காலத்துப் பெயர்? எத்தனை பேருக்கு இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்னடா சொன்னனீ?"

"ஐந்நூறு வருஷம் எண்டு. தீவிலை பழைய குடும்பம், அருமையான பேர், கனபேருக்கு இல்லை எண்டு."

"கந்தையாவோ?"

"ஓம்."

எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று கந்தையா. ஒருவர் சுருட்டுக் கந்தையா, ஒருவர் வாத்தியார் கந்தையா, மூன்றாமவர் எங்கள் அப்பா. ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லை. அவர்களுக்கு வந்த கடிதங்களைப் பிரிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

தம்பி ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தான். "வந்த புதிசிலை பத்திரத்திலை குடும்பப் பேர் எண்டு ஒரு இடம் இருந்தது. எங்களுக்கு எங்கை குடும்பப் பேர்? மொழிபெயர்க்க வந்தவர், தேப்பன்ரை பேரைப் போடும் எண்டார். போட்டன். அண்டையிலை இருந்து நான் முசியே கந்தையா, அதாவது திருவாளர் கந்தையா. மனிசியும் கந்தையா, பிள்ளையும் கந்தையா. அந்தாள் தன்ரை பேருக்கு அவ்வளவு கதை சொல்லேக்கை, இது சும்மா எங்கடை அப்பான்ரை பேர், வேறை ஒண்டும் இல்லை எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூடுதலாகப் பயம் வந்தது. ஏனென்றால் நான் சுமந்து வந்த உறுதியில் 'வேலுப்பிள்ளை மகன் கந்தையா' என்றுதான் இருக்கிறது. அடுத்த வரியில் 'சின்னத்தம்பி மகன் வேலுப்பிள்ளை'. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். பொய்க்குச் சாட்சியாகக் கேட்ட தாள், பொய்யைப் போட்டு உடைக்கிற தாள்.

"அந்தாளுக்குத் தமிழ் தெரியாது அக்கா. கந்தையா எண்ட சொல்லைக் கையாலை காட்டினாப் போதும்."

"பெட்டைக்குத் தெரியுமெல்லோ."

"அவளோ? தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டுப் பத்து வருஷம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தேயும் லூக்காவும் வந்தார்கள். அந்தே எழுபது வயது மதிக்கத்தக்க, தோள் அகன்ற மனிதர். கை விரல்கள் ஒவ்வொன்றும் கிழங்கு மாதிரி. காய்ந்த அத்திப்பழமும் தங்கள் தீவு ஒலிவ் எண்ணெய் ஒரு போத்தலும் கொண்டுவந்து என் கையில் தந்தார். இடியப்பத்தையும் ஆட்டிறைச்சிக் கறியையும் முகம் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். சாப்பிடுகிற மனிதரை எனக்குப் பிடிக்கும். அதனால் இன்னும் கலக்கமாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டு, ஒரு நீளமான தாளை விரித்தார். இடப்பக்கம் குஸ்திர்னிச் குடும்பம், மேலிருந்து கீழே கிளை கிளையாக. வலப்பக்கம் நிவேதாவின் பக்கம். அங்கே மேலே கந்தையா என்று பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர், கீழே வெறும் கோடுகள். பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி சுவரைப் பார்த்தான்.

உறுதியை அவிழ்த்து, கந்தையா என்ற இடத்தில் விரலை வைத்தேன். அவர் குனிந்து எழுத்துகளைப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் நிவேதாவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவள் சந்தோஷமாக என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மாமி, முழுக்க வாசிக்கட்டாம்."

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஆனால் ஒரு பிழையும் இல்லாமல். வே-லு-ப்-பிள்-ளை மகன் க-ந்-தை-யா. வாசித்ததை உடனுக்குடன் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனாள். தகப்பன் பொய் சொன்னது அவளுக்குத் தெரியாது. அடுத்த வரிக்குப் போனபோது அந்தேயின் பேனை தாளின்மேல் நின்றுவிட்டது. ஒரு கேள்வி கேட்டார். அவள், "ஓம், கந்தையா என்பது தாத்தாவின் சொந்தப் பெயர், அவரின் அப்பாவுக்கு வேறு பெயர்" என்று விளக்கியிருக்கிறாள். பிறகுதான் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தே தாளைச் சுருட்டினார். பாயாசம் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. வாசலில் நின்று அமைதியாகச் சில வார்த்தை சொன்னார். நிவேதா அழுகையோடு மொழிபெயர்த்தாள்.

"பேர் இல்லாததுக்குத் தான் கோபிக்கேல்லையாம் மாமி. பொய் சொன்னதுக்குத்தானாம். சனிக்கிழமை வாறதோ எண்டு யோசிக்கோணுமாம்."

சனிக்கிழமைதான் பதினெட்டாம் வட்டாரத்து மேரியில், அதாவது நகரசபை மண்டபத்தில், கலியாணப் பதிவு. திங்கட்கிழமை லூக்கா போன் எடுத்தான். அப்பா வராமல் தன்னால் கையெழுத்து வைக்க முடியாது, அப்பாவுக்குத் தன்னைத் தவிர யாருமில்லை, நாளைத் தள்ளிப் போடுவோம் என்றான். நிவேதா தகப்பனோடு பேசுவதை நிறுத்தினாள். தமிழிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. தம்பி மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் போன் எடுத்தான். அந்தே எடுக்கவில்லை. தம்பியின் மனைவி சாந்தி கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். நான் பிரஷர் மாத்திரையைக் காலையும் மாலையும் போட்டேன். உறுதியைக் கொண்டுவந்தவள் நான்தானே.

வெள்ளிக்கிழமை காலை, ஒருவருக்கும் சொல்லாமல் லூக்காவுக்குப் போன் எடுத்தேன். எனக்குத் தபால் கந்தோர் ஆங்கிலம் உண்டு. அவனுக்கும் ஆங்கிலம் தெரியும். உன் அப்பாவைப் பார்க்க வருகிறேன், ரயில் வழியைச் சொல் என்றேன். அவன் சொன்ன தரிப்பிடங்களை ஒரு தாள் துண்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். பன்னிரண்டாம் இலக்க மெட்ரோவில் ஏறி, சென் லசாரில் பதின்மூன்றாம் இலக்கத்துக்கு மாறுவது வரை எல்லாம் சரி.

பதின்மூன்றாம் இலக்கப் பாதை வழியில் இரண்டாகப் பிரிகிறது என்று அவனும் சொல்லியிருப்பான், என் காதில் ஏறவில்லை. சனம் பிதுங்கி வந்த முதல் வண்டியை விட்டுவிட்டு, இடமிருந்த அடுத்ததில் ஏறிக் கெட்டித்தனமாக உட்கார்ந்தேன். நாலைந்து தரிப்பிடம் போனபிறகு, சுவரில் தெரிந்த பெயர் ஒன்றும் என் துண்டில் இல்லை. இந்த நகரத்தில் நான் தொலைந்தால் என்னை எந்தப் பெயரில் தேடுவார்கள் என்று யோசித்தேன். சிவபாலன் என்றா, கந்தையா என்றா?

என் பொட்டையும் சீலையையும் பார்த்து ஒருவர் கிட்ட வந்தார். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. "தமிழா நீங்க? எங்க போகணும்?" துண்டை நீட்டினேன். "ஐயோ, இந்த ட்ரெயின் அந்தப் பக்கம் போகாதுங்க. இறங்கிடுங்க, நானும் வரேன்." கோயம்புத்தூராம். எதிர்ப்பக்க மேடைக்குக் கூட்டிப்போய், எங்கே மாறவேண்டும் என்று துண்டில் வட்டம் போட்டுத் தந்தார். "ஆபீஸுக்கு லேட் ஆகலையோ?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். "ஆகிடுச்சுங்க" என்று சிரித்தார். அவரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

சென் தெனியில் லூக்கா ஒரு மணித்தியாலமாக நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் "மாமி" என்று ஓடி வந்தான். நிவேதா சொல்லிக்கொடுத்த சொல். அவன் கண்ணும் நித்திரை இல்லாத கண்தான்.

அந்தே சமையலறையில் நின்றார். ஒலிவ் எண்ணெய் விட்டு, கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சிரிக்கவில்லை. நான் வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான் என்று லூக்காவிடம் சொல்லி வைத்தேன். தானும் வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடுவதில்லை என்று அந்தே பதில் சொன்னார். இரண்டு தட்டு எடுத்து வைத்தார். அந்த அளவில் ஒரு கதவு திறந்தது.

"என் தம்பி பொய் சொன்னது பிழை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். லூக்கா அதை மொழிபெயர்த்துச் சொன்னான். அந்தே உப்பை எடுத்துக் கீரையில் தூவினார். "அவன் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. உங்களுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டான்."

என்ன செய்வதென்று தெரியாமல் உறுதியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பெயரோடு நின்றுவிட்டது, மிச்சத்தையும் வாசிக்கிறேன் என்று, நாலு பக்க எல்லையும் வரி வரியாக ஆங்கிலத்தில் வாசித்தேன், லூக்கா அவருக்குச் சொன்னான். அவர் கீரையைக் கிண்டியபடி இருந்தார். கடைசி வரிக்கு வந்தேன். இதில் நிற்கும் பனைகளும், கிணற்றில் பதினாறில் ஒரு பங்கும், நீர் அள்ளவும் போக்குவரத்துச் செய்யவும் உள்ள வழி உரித்தும்.

அந்தே திரும்பினார். "பதினாறில் ஒரு பங்கா?"

"எங்கள் தீவில் நல்ல தண்ணீர் அருமை. ஒரு கிணற்றில் பல குடும்பத்துக்குப் பங்கு. உறுதியில் எழுதுவோம்."

"கிணற்றுப் பூட்டின் திறப்பு யாரிடம்?"

"திறப்பு இல்லை. முறை வைத்து அள்ளுவது."

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தார். அவர்களின் தீவிலும் ஊற்று இல்லையாம். மழைத் தண்ணீரைக் கல்தொட்டியில் சேர்த்துத்தான் கோடையைக் கடத்துவார்களாம். அந்தத் தொட்டிக்கு அவர்கள் பாஷையில் குஸ்திர்னா என்று பெயர். அவரின் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர் அதன் திறப்பை வைத்திருந்தவர். ஊரார் அவர் வீட்டாரைத் தொட்டிக்காரர் என்று கூப்பிட, பாதிரியார் அதையே கோயில் புத்தகத்தில் எழுதிவிட்டார். குஸ்திர்னிச் வந்த கதை அதுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பாதிரியார் எழுத முதல் அவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள்?"

லூக்கா மொழிபெயர்க்கத் தயங்கினான். கேள் என்றேன். அந்தே இரண்டு தட்டிலும் கீரையைப் போட்டார்.

"தகப்பன் பெயரைச் சொல்லி" என்றார். "மாத்தேயின் மகன் அந்தே. அந்தேயின் மகன் மாத்தே."

எங்களுடையதும் அதேதான் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும். கீரையைச் சாப்பிட்டோம். உள்ளிப்பூண்டு கொஞ்சம் கூடிவிட்டது.

"அந்தப் பங்கு இப்போது யாருக்கு?" என்று கேட்டார்.

"அப்பா எனக்கு எழுதியது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அது நிவேதாவுக்குத்தான்" என்றேன். அதுவரை அப்படி ஒரு யோசனையே எனக்கு இருந்ததில்லை. வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு பார்த்தால் அது சரியாகவே இருந்தது.

அவர் சுருட்டிய தாளை எடுத்துவரவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை. நான் எழும்பியபோது மட்டும் ஒரு சின்னத் துண்டையும் பேனையையும் தந்தார். "உங்கள் தம்பியின் பெயரை எழுதுங்கள். தகப்பனின் பெயரை அல்ல, அவருடைய பெயரை." ஆங்கில எழுத்தில் யோகநாதன் என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, பாதியில் சிக்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று வீடு வரும்வரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. தம்பிக்கு ஒன்றும் சொல்லவும் இல்லை. சொல்லி, அவர் வராவிட்டால் அவன் தாங்கமாட்டான்.

சனிக்கிழமை மேரிக்கு அரை மணித்தியாலம் முந்தியே போய்விட்டோம். சாந்தி பட்டுச் சீலை, நிவேதா வெள்ளைச் சட்டையும் தலையில் மல்லிகையும். நாளைத் தள்ளிப்போட அவள்தான் மறுத்தவள், வந்தால் வரட்டும் என்று. லூக்கா தனியாக வந்தான். அப்பா விடிய எழும்பி எங்கேயோ வெளியே போய்விட்டார், போன் எடுக்கிறாரில்லை என்றான். எங்களுக்கு முன்னால் ஒரு ஆபிரிக்கக் குடும்பத்தின் கலியாணம் பாட்டும் கைதட்டலுமாக முடிந்து வெளியே வந்தது. அடுத்தது நாங்கள். மண்டபத்து உத்தியோகத்தர் பெண் கதவடியில் வந்து குடும்பப் பெயர்களை வாசித்தா. கந்தையா என்றதும் தம்பி விறைத்து நின்று, "ஓம்" என்றான். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டான். குஸ்திர்னிச் என்றபோது லூக்கா வாய் திறக்கவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஐந்து நிமிடம் என்றா. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் தோள் ஆடுவதைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அந்தே. கறுப்புக் கோட்டு, முடி வெட்டிய கழுத்தில் இன்னும் பவுடர், கக்கத்தில் அந்த நீளத் தாள். விடியக் காணாமற்போன மனிதர் முடி வெட்டத்தான் போயிருக்கிறார். லூக்கா ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தான். அவர் மகனின் முதுகில் தட்டிவிட்டு அவனை விலக்கினார். நேரே தம்பியின் பின்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்துப் பார்த்தார். உதடு அசைந்தது. மடித்து வைத்தார்.

"முசியே யோகநாதன்" என்றார். ஓர் எழுத்தும் சிக்காமல், தெளிவாக.

தம்பி திரும்பவில்லை. யாரோ வேறு ஒருவரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நின்றான்.

"யோகன்" என்று அவன் கையைப் பிடித்தேன். "உன்னைத்தான்டா கூப்பிடுகினம்."